இட்லிக்கும் ஒரு நாள்

கேள்வி: வீட்டிலேயே இட்லிப் பொடி அரைத்து விற்கிறேன். விநோதமான தினங்களுக்கெல்லாம் இன்ஸ்டாகிராமில் பதிவு போட்டால் ஆர்டர் கூடும் என்கிறான் என் மகன். உண்மையா, ஐயா?
- திருநெல்வேலி வாசகி

பதில்: ஓரளவு உண்மைதான், அம்மா. 2015-இல் சென்னையில் தொடங்கிய உலக இட்லி தினம் மார்ச் 30 அன்று வருகிறது; உங்கள் சரக்குக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. ஆனால் அன்று காலையில் வெறும் வாழ்த்துப் படம் போட்டால் விருப்பக்குறிகள்தாம் விழும். பொட்டலம் கூரியரில் போய்ச் சேரும் நாள்களைக் கணக்கிட்டு ஒரு வாரம் முன்பே தொடங்கி, உளுந்து சிவக்க வறுபடுவதையும், பொடியின் நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றுவதையும் அரை நிமிடக் காணொளியாகக் காட்டி, விலையையும் வாட்ஸ்அப் எண்ணையும் அதிலேயே தந்துவிடுங்கள்.

தேதியைச் சரிபார்ப்பதும் அவசியம். தேயிலை தினத்தைச் சிலர் டிசம்பர் 15 அன்று கொண்டாட, ஐக்கிய நாடுகள் அவை அறிவித்ததோ மே 21. பொடிக்கும் தேநீருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? அதனால்தான் அந்த நாளை விட்டுவிடச் சொல்கிறேன். ஆண்டுக்கு நான்கைந்து நாள்கள் போதும். நோய் விழிப்புணர்வு நாள்களில் தள்ளுபடி அறிவிக்கும் வழக்கம் மட்டும் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை.