எடிட்டிங்கா, ஆய்வு முறையா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். இளங்கலை தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆசைப்பட்டுத்தான் சேர்ந்தேன். ஆனால் பொறியியல் படிக்கும் அண்ணன், "பேசவும் படம் எடுக்கவும் ஒரு பட்டமா?" என்று கேட்டால் பதில் வரமாட்டேன் என்கிறது. எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போவதாக எனக்கே தோன்றுகிறது. அடுத்த பருவத்தில் வீடியோ எடிட்டிங், ஆய்வு முறைகள் இரண்டில் ஒன்றைத்தான் விருப்பப் பாடமாக எடுக்க முடியும். வகுப்பில் எல்லோரும் எடிட்டிங் பக்கம். ஆய்வு முறைகளில் புள்ளியியல் வரும் என்பதால் எனக்குப் பயம். நீங்களும் இதே படிப்பைப் படித்தவர் என்று எழுதியிருந்தீர்கள். எதை எடுக்கலாம்?

இரண்டாம் ஆண்டு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

ஆய்வு முறைகளை எடுங்கள். ஏன் என்று சொல்ல என் கல்லூரி நாட்களுக்குப் போக வேண்டும்.

இறுதியாண்டில் ஒரு மருத்துவமனையின் காத்திருப்பு அறைக்குச் சுவரொட்டி செய்தோம். உடம்பு தேறிவிட்டது என்று ஆன்டிபயாட்டிக் மாத்திரையை நம் இஷ்டத்துக்குப் பாதியில் நிறுத்தக் கூடாது, இதுதான் செய்தி. பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, அதன்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. எழுத்துருவுக்கு மட்டும் இரண்டு நாள் சண்டை போட்டோம். பேராசிரியர் பார்த்துவிட்டு, "யாரிடம் காட்டினீர்கள்?" என்றார். யாரிடமும் காட்டவில்லை. போய்க் காட்டினோம். அங்கே உட்கார்ந்திருந்த இருபது பேரில் பதினொரு பேர், "இந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாதாம்" என்றார்கள். எழுத்தைப் படிப்பதற்கு முன்பே சிவப்புக் குறியைப் படித்துவிட்டார்கள். அதை அப்படியே ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

நாம் சொன்னது ஒன்று, போய்ச் சேர்ந்தது வேறு. நடுவில் என்ன நடந்தது என்பதை ஊகிக்காமல், கேட்டு அறிவதற்கு ஒரு முறை இருக்கிறது. நீங்கள் பயப்படும் அந்தப் பாடத்தில் சொல்லித்தருவது அதைத்தான்.

அண்ணனிடம் கிளாட் ஷானனைப் பற்றிப் பேசுங்கள். பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். தகவலை எப்படி அளப்பது, இரைச்சலைத் தாண்டி எப்படி அனுப்புவது என்று 1948இல் கணிதமாக எழுதினார். அண்ணனின் துறையிலும் அவர் பெரிய பெயர். அந்தக் கட்டுரையின் தொடக்கத்திலேயே, செய்தியின் பொருளுக்கும் பொறியியல் சிக்கலுக்கும் சம்பந்தம் இல்லை என்று அதை ஒதுக்கி வைத்துவிடுகிறார். அவர் வேலைக்கு அது சரி. அவர் ஒதுக்கி வைத்ததுதான் உங்கள் பாடம். எங்கள் மாத்திரை அட்டை ஒரு புள்ளி பிசகாமல் துல்லியமாகத்தான் அச்சாகியிருந்தது.

புள்ளியியல் பயத்துக்கு வருகிறேன். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சாப்பல் ஹில் என்ற ஊரில் மாக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டொனால்ட் ஷா என்ற இருவர், யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யாத 100 பேரைச் சந்தித்தார்கள். எந்தப் பிரச்சினைகள் முக்கியம் என்று கேட்டார்கள். இன்னொரு பக்கம், அந்த ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த செய்திகளில் எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் என்று எண்ணினார்கள். இரண்டு வரிசையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. செய்திகள் எதைப் பெரிதாகக் காட்டுகின்றனவோ அதையே மக்களும் முக்கியம் என்று நினைக்கிறார்கள் என்பதற்கு இதைச் சான்றாகச் சொன்னார்கள். 1972இல் வெளியான இந்த ஆய்வு உங்கள் பாடப் புத்தகத்தில் இரண்டு பத்தியாக இருக்கும், மனப்பாடம் செய்து எழுதியும் இருப்பீர்கள். அதைப் படித்தபோது, "மக்களின் கவலையைப் பார்த்துப் பத்திரிகைகள் எழுதியிருக்கக் கூடாதா?" என்று தோன்றியதா? தோன்றியிருந்தால் புள்ளியியலின் கடினமான பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. 1972 தேர்தலின்போது சார்லட் நகரில், அதே ஆட்களிடம் கால இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டு, எது முந்தியது என்று பார்த்தார்கள். சூத்திரமெல்லாம் இந்தக் கேள்விக்கு அப்புறம்தான். அதற்குக் கணினி உதவும்.

எடிட்டிங் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். ஒரு வெட்டு அரை நொடி தள்ளி விழுந்தால் அழுகை சிரிப்பாகிவிடும். ஆனால் அது கை பழகப் பழக வருவது. மென்பொருளும் நீங்கள் படித்து முடிப்பதற்குள் மாறிவிடும். நண்பர்களின் படங்களை வெட்டிக் கொடுங்கள், மாலை நேரம் போதும். தனியாக உட்கார்ந்து ஒரு கேள்வித்தாளைத் தயாரித்து, அதில் எந்தக் கேள்வி பதிலைத் தானே ஊட்டிவிடுகிறது என்று கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. அதற்குத் திருத்திச் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும்.

மேலோட்டம் என்று நீங்கள் சொன்னதில் பாதி உண்மை. எப்படிச் சொல்வது என்று இந்தப் படிப்பு கற்றுத்தரும். எதைச் சொல்வது என்பதை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். உடல்நலம், சட்டம், விவசாயம், ஏதோ ஒன்றை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஆன்டிபயாட்டிக் சுவரொட்டியைத் திருத்தும்போது, மருந்தைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாததுதான் பெரிய தடையாக இருந்தது. ஒரு செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தந்த பிறகுதான் பெருக்கல் குறியை எடுத்துவிட்டு, அட்டையின் கடைசி மாத்திரையை ஒரு கை எடுப்பதுபோல் வரைந்தோம். மறுபடியும் இருபது பேரிடம் காட்டினோம். இந்த முறை இரண்டு பேர்தான் தப்பாகப் புரிந்துகொண்டார்கள்.

பாடத்தைத் தேர்வு செய்யக் கடைசி நாள் என்றைக்கு என்று நீங்கள் எழுதவில்லை. நாள் கடத்தாமல் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.