ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது

கேள்வி: என் எட்டு வயது மகள் என் போனில் பூனை வளர்க்கும் கேம் விளையாடுகிறாள். 'மூன்று நாள் இலவசம்' என்று வந்தபோது நானேதான் பின் நம்பர் போட்டுக் கொடுத்தேன். இப்போது வாராவாரம் 299 ரூபாய் கணக்கிலிருந்து போகிறது. ஆறு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். கேமை அழித்துவிடலாம் என்றால், பூனை பட்டினியில் செத்துவிடும் என்று அழுகிறாள். 500 ரூபாய் கொடுத்தால் மொத்தப் பணத்தையும் திரும்ப வாங்கித் தருவதாகப் பக்கத்து மொபைல் கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா?
(வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: கொடுக்காதீர்கள். கேமையும் இப்போதைக்கு அழிக்காதீர்கள்.

ஆப்பை அழித்தால் பணம் போவது நின்றுவிடும் என்று முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். கேபிள் பெட்டியைக் கழற்றி அட்டாலியில் வைத்துவிட்டால் மாதக் கட்டணம் நின்றுவிடுமா? அதே கதைதான். கேம் போனில் இல்லாவிட்டாலும் சந்தா ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் அன்றைக்குப் போட்ட ஒரே ஒரு பின், 'இனி வாராவாரம் எடுத்துக்கொள்' என்ற அனுமதி. இப்படித் தானாகப் போகும் தொகை 15,000 ரூபாய்க்குள் இருந்தால் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் பின் கேட்கத் தேவையில்லை என்பது ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு. எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. தகவல் வந்திருக்கும். ஆனால் 'ஆட்டோபே', 'மேண்டேட்' என்று இங்கிலீஷில் வரும் அந்த ஒற்றை வரியை, சமையலுக்கு நடுவில் போனைப் பார்க்கிற எந்த அம்மா படித்துப் புரிந்துகொள்வார்? விதிப்படி சொல்லியாகிவிட்டது, அத்தோடு அவர்கள் வேலை முடிந்தது.

பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது ஓரத்தில் இருக்கும் வட்டத்தைத் தட்டுங்கள். 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்', அதற்குள் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்'. அந்தக் கேமின் பெயரைத் தொட்டு 'கேன்சல்' கொடுங்கள். ஏன் போகிறீர்கள், பாதி விலைக்குத் தரட்டுமா என்றெல்லாம் கெஞ்சும். காதில் வாங்காமல் கடைசிவரை போங்கள். அப்புறம் நீங்கள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஆப்பில் 'ஆட்டோபே' என்ற பகுதிக்குப் போய், அங்கே அந்த அனுமதி உயிரோடு இருந்தால் அதையும் ரத்து செய்யுங்கள்.

அந்தப் பட்டியல் காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம். போனில் இருக்கும் மெயில் கணக்கு வேறாக இருக்கலாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் பாதி வீடுகளில் இதுதான் நிலைமை. போன் வாங்கிய அன்றைக்குக் கடைப் பையனே ஒரு மெயில் ஐடி உண்டாக்கி, அதையும் பாஸ்வேர்டையும் போன் டப்பாவின் உள்மூடியில் பேனாவால் எழுதிக் கொடுத்திருப்பான். டப்பா எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. அப்புறம் கொழுந்தனார் மகன் வந்து கேம் இறக்கித் தரும்போது தன் மெயிலையும் போட்டு வைத்திருப்பான். ஆகவே ஒரே போனில் இரண்டு மூன்று கணக்குகள் இருக்கும். சந்தா எந்தக் கணக்கில் எடுத்ததோ அந்தக் கணக்கிலிருந்துதான் ரத்து செய்யவும் பணம் கேட்கவும் முடியும். ரசீதும் அந்த மெயிலுக்குத்தான் போகும். வட்டத்தைத் தட்டினால் எல்லாக் கணக்குகளும் தெரியும்; ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். கடைப் பையன் உண்டாக்கிய கணக்கு என்றால், பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றி, மீட்பு எண்ணாக உங்கள் எண்ணைப் போடுங்கள். பழைய பாஸ்வேர்டு தெரியாவிட்டாலும், பெரும்பாலும் போனின் திரைப்பூட்டை வைத்தே மாற்ற வழி கிடைக்கும்.

இனி பணம். வாங்கி 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயின் ரீஃபண்ட் படிவத்தை நிரப்பிக் கேட்டால் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதைத் தாண்டிய தொகைக்குக் கேமை உருவாக்கிய நிறுவனத்துக்கே எழுதச் சொல்வார்கள். உங்கள் 1,794 ரூபாயில் கடைசி வாரத்து 299 வரலாம், மீதி கஷ்டம். பதினெட்டு வயதாகாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறதே என்று கேட்பீர்கள். பின் போட்டது மகள் அல்லவே, நீங்கள்தானே என்பார்கள். அமெரிக்காவில் குழந்தைகள் பெற்றோரைக் கேட்காமல் ஆப்களில் தட்டி வாங்கியவற்றுக்காக 2014-இல் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரும், கூகுள் 1.9 கோடி டாலரும் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. அரசு அமைப்பே முன்னால் நின்று வாங்கிக் கொடுத்தது. இங்கே ஆன்லைன் விளையாட்டு என்றாலே ரம்மி மாதிரிப் பணம் வைத்து ஆடுவதைப் பற்றித்தான் சட்டம் பெரும்பாலும் பேசுகிறது. பூனைக்குத் தொப்பி விற்று வாரம் 299 உருவுகிறவரை அவ்வளவாக யாரும் கேட்பதில்லை.

அந்த மொபைல் கடைக்காரர் செய்யப்போவது என்ன? நீங்கள் நிரப்ப வேண்டிய அதே இலவசப் படிவத்தை நிரப்புவார். வந்தால் அவர் சாமர்த்தியம், வராவிட்டால் 'கம்பெனியில் தரவில்லை அக்கா'. இரண்டு விதத்திலும் 500 போனதுதான், போனும் ஒரு மணி நேரம் அவர் கையில். இதைவிட மோசமானவர்கள் இணையத்தில் இருக்கிறார்கள். 'ரீஃபண்ட் கஸ்டமர் கேர்' என்று தேடிக் கிடைக்கும் நம்பரைக் கூப்பிடாதீர்கள். நம் திரையை அவர்கள் பார்க்கிற மாதிரி ஓர் ஆப்பை இறக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் ஒரு க்யூஆரை அனுப்பி 'பணம் வர பின் போடுங்க' என்பார்கள். நமக்குப் பணம் வர பின் நம்பர் தேவையே இல்லை. ஏற்கெனவே ஏமாந்திருந்தால் அந்த நிமிடமே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

பூனை சாகாது என்று பாப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். 1996-இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் விட்ட தமகோச்சி என்ற முட்டை வடிவ மின்னணுப் பொம்மையில் வளரும் பிராணி, கவனிக்காவிட்டால் செத்தே போகும். இப்போதைய கேம்களில் பெரும்பாலும் சாவு கிடையாது, பசியைக் காட்டும் கோடு மட்டும் குறையும். செத்த பூனைக்கு யாரும் சட்டை வாங்க மாட்டார்களே! போன் அமைப்பில் அந்தக் கேமின் அறிவிப்புகளை நிறுத்திவிட்டால் 'பசிக்குது' என்ற கூப்பாடும் நின்றுவிடும். அவள் விளையாடட்டும், உங்கள் பின் மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம். பிளே ஸ்டோர் அமைப்பில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படியும் வைத்துவிடுங்கள்.

பணம் திரும்பத் தர முடியாது என்று பதில் வந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வங்கிக் கணக்கில் 299 போன ஆறு வரிகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, புகார் எண்ணை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.