இருபத்தொரு துளி

அன்பின் அக்கா,

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம். 2008 இல் தாதியர் டிப்ளோமா முடித்து, எட்டு வருடம் வைத்தியசாலை விடுதியில் வேலை செய்தேன். இரண்டாவது பிள்ளையோடு 2016 இல் விலகிவிட்டேன். கோயிலடியில் யாராவது, தாதியைக் கூப்பிடுவதுபோல ‘மிஸ்ஸி’ என்று கூப்பிட்டால் இன்றைக்கும் கால் நின்றுவிடுகிறது. திரும்பிப் போக ஆசை. மூன்று வழி தெரிகிறது. ஒன்று, ஒன்லைனில் 30 மணித்தியால ரிஃப்ரெஷர் கோர்ஸ். 65,000 ரூபாய், வெளிநாட்டுச் சான்றிதழ். இரண்டு, ஊரிலேயே ஆறு மாதக் கெயார்கிவர் கோர்ஸ், என்.வி.கியூ என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். மூன்று, ஒரு தனியார் வைத்தியசாலையில் ‘மூன்று மாதம் சம்பளமில்லாமல் வந்து பழகுங்கள், மறுகா பார்ப்போம்’ என்கிறார்கள். எதை எடுக்கட்டும்? வயது 41. வீட்டில் ‘இனி என்னத்துக்கு’ என்கிறார்கள். பழைய கொப்பிகளை எடுத்துப் படிக்கத் தொடங்கிவிட்டேன். எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

பெயர் போடவேண்டாம் என்று கேட்கும்,
தங்கச்சி


அன்பின் தங்கச்சி,

உங்கள் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. ‘எல்லாம் ஞாபகம் இருக்கிறது.’ இடைவெளி விட்டு வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிற வரி இது. இதைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

முதலில் சில்லறை விஷயங்கள். வயதைப் பற்றி எழுதியதை நான் வாசிக்கவில்லை. இரவுக் கடமைக்குப் போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று வீட்டில் கேட்டால் அது நியாயமான கேள்வி, இருந்து கதையுங்கள். ‘இனி என்னத்துக்கு’ என்பதற்கு நான் என்ன பதில் எழுத? அரச சேவைக்குள் மறுபடி எடுப்பார்களா என்பது சுகாதார அமைச்சின் காரியம், எந்தக் கோர்ஸும் அந்தக் கதவைத் திறக்காது.

இப்போது கொப்பியை மூடிவையுங்கள். ஒரு கணக்கு. 500 மில்லிலீற்றர் சேலைன், 8 மணித்தியாலத்தில் போகவேண்டும். நிமிடத்துக்கு எத்தனை துளி?

பேனையை எடுத்தீர்களா, அல்லது ‘இருபத்தொன்று’ என்று வாய் தானாகச் சொன்னதா? வாய் சொல்லியிருந்தால்தான் எனக்குப் பயம். 500 ஐ 20 ஆல் பெருக்கி, 480 நிமிடத்தால் பிரித்தால் 20.8, அதாவது 21. சரிதான். ஆனால் அந்த 20 எங்கிருந்து வந்தது? ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் சேலைன் குழாய்ச் செட் என்று நீங்களாகவே எடுத்துக்கொண்டீர்கள். நான் செட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையில் இருப்பது 60 துளி மைக்ரோ செட் என்றால்? அதே 21 துளிக்கு வைத்தால் மணித்தியாலத்துக்கு 21 மில்லிலீற்றர்தான் போகும். எட்டு மணித்தியாலச் சேலைன் முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். 15 துளி செட் என்றால் அதே போத்தல் ஆறு மணித்தியாலத்திலேயே காலியாகிவிடும். செட்டின் உறையில் அந்த எண் அச்சடித்திருக்கிறது. உறையைக் கிழித்துக் குப்பையில் போட்ட பிறகு யாரும் அதைத் தேடுவதில்லை.

சூத்திரம் உங்களுக்கு மறக்கவில்லை. உறையைப் பார்க்கும் பழக்கம்தான் போய்விட்டது. கொப்பியில் சூத்திரம் இருக்கும், பழக்கம் இருக்காது. பிறகு, போத்தலின் பக்கத்தில் பிளாஸ்டர் கீலம் ஒட்டி மணித்தியாலக் கோடு போடுவது: காலை எட்டுக்கு 500, ஒன்பதுக்கு 437, பத்துக்கு 375. அந்தக் கோடு இல்லையென்றால், நோயாளி முழங்கையை மடித்துச் சேலைன் நின்றது உங்களுக்கு மத்தியானம்தான் தெரியவரும். பார்க்க வந்த மாமி ‘மெதுவாப் போகுது’ என்று குழாயில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உருளையைத் திறந்துவிட்டுப் போனதும் அப்போதுதான் தெரியும். (மாமிகளுக்கு எந்தக் கோர்ஸும் கிடையாது.)

இன்சுலினுக்கு வருவோம். குப்பியில் 10 மில்லிலீற்றர், ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் 100 அலகு. 12 அலகு வேண்டும். இன்சுலின் சிரிஞ்சில் 12 ஆம் கோடு, பிழை விட இடமில்லை. இரவு இரண்டு மணிக்கு இன்சுலின் சிரிஞ் முடிந்துவிட்டது, சாதாரண 1 மில்லிலீற்றர் சிரிஞ்சை எடுக்கிறீர்கள். 12 அலகு என்பது 0.12. தூக்கக் கண்ணோடு புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தால் 1.2. அது ஒரு சிரிஞ்சுக்குள் அடங்காது. அடங்கவில்லையே என்று யோசிக்காமல் இரண்டாவது சிரிஞ்சை எடுத்தால் 120 அலகு உள்ளே போய்விடும். ஒரு மருந்துக்கு இரண்டாவது சிரிஞ் தேவைப்படும்போது கை நிற்கவேண்டும். இந்தியாவிலிருந்து யாரோ கொண்டுவந்த சிவப்பு மூடி சிரிஞ் கலந்திருந்தால் இன்னொரு தொல்லை. அது 40 அலகு இன்சுலினுக்குச் செய்தது. அதில் 12 ஆம் கோட்டுக்கு நம்முடைய 100 அலகு இன்சுலினை எடுத்தால் போவது 30 அலகு. செம்மஞ்சள் மூடிதான் நமக்கானது. மூடியைக் கழற்றி எறிந்த பிறகு நிறத்தைத் தேடமுடியாது, ஆகவே கழற்றுவதற்கு முன்னால் பாருங்கள்.

பிள்ளைகள் விடுதியில் 12 கிலோக் குழந்தைக்கு பரசிட்டமோல், கிலோவுக்கு 15 மில்லிகிராம். 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 என்றிருக்கும் பாணியில் ஏழரை மில்லிலீற்றர். அலுமாரியில் 5 மில்லிலீற்றரில் 250 உள்ள போத்தலும் நிற்கும். அதே ஏழரையை அதிலிருந்து ஊற்றினால் 375. எத்தனை மில்லிலீற்றர் என்று மட்டும் மனப்பாடம் செய்த கைக்கு இரண்டு போத்தலும் ஒன்றுதான்.

கணக்கையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைப்பீர்கள். ஓம், நிற்கிறேன். இப்படிப்பட்ட பிழை எதையும் கணினித் திரையில் நான்கு விடையில் ஒன்றைத் தெரிவுசெய்யும் பரீட்சை பிடிக்காது. திரையில் செட்டின் உறை இல்லை, மூடியின் நிறம் இல்லை, இரவு இரண்டு மணியும் இல்லை. பக்கத்தில் ஒருவர் நின்று, நீங்கள் மருந்தை இழுக்கும்போது ‘எவ்வளவு, ஏன்’ என்று கேட்டால் மட்டுமே பிடிபடும். உங்கள் 65,000 ரூபாய்க் கோர்ஸில் அந்த ஆள் இருக்கிறாரா?

இல்லையென்றால் அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுச் சான்றிதழ் என்கிறீர்கள். வெளிநாட்டிலேயே அதற்கு என்ன மதிப்பு? பிரித்தானியத் தாதியர் மருத்துவிச்சிகள் சபை பதிவைப் புதுப்பிக்க மூன்று வருடத்தில் 450 மணித்தியாலம் வேலை செய்த கணக்கைக் கேட்கிறது. பதிவு விட்டுப்போனவர் மறுபடி சேர, அந்தக் கணக்கைக் காட்ட முடியாவிட்டால் மீள்பயிற்சி நெறியைச் செய்யவேண்டும், அல்லது தகுதிப் பரீட்சையில் தேறவேண்டும். அந்தப் பரீட்சையின் ஒரு பகுதி நேரில் நின்று கையால் செய்து காட்டுவது. சான்றிதழ் படத்தை அனுப்பி முடிக்கிற காரியம் அங்கேயும் கிடையாது.

அதோடு, எங்கோ எழுதிய பாடத்தில், வாவிக்கு மேற்கே வயல்கள் உள்ள நம் படுவான்கரை இருக்காது. அறுவடைக் காலத்தில் வயலிலிருந்து பாம்புக்கடியோடு ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். இருபது நிமிட இரத்த உறைவுச் சோதனை செய்யவேண்டும். காய்ந்த, சுத்தமான சிறிய கண்ணாடிக் குழாய். நாளத்திலிருந்து 2 மில்லிலீற்றர் இரத்தம். நேரத்தைக் குறியுங்கள், குழாயை நிமிர்த்தி வைத்துவிட்டு அங்கால் போங்கள். ஆட்டக்கூடாது, எடுத்தெடுத்துப் பார்க்கக்கூடாது. இருபதாவது நிமிடம் ஒருமுறை சரியுங்கள். தண்ணியாக ஓடினால் இரத்தம் உறையவில்லை, உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். எளிமையான சோதனை, ஆனால் இரண்டு இடத்தில் கெட்டுப்போகும். கண்ணாடி கிடைக்கவில்லை என்று பிளாஸ்டிக் குழாயில் எடுத்தால் நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் அப்படித்தான். தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏறும், அதனால் வரும் ஒவ்வாமையையும் நீங்களே பார்க்கவேண்டிவரும். விஷமுறிவுக்கு முன்னால் தோலுக்கு அடியில் போடும் அட்ரினலின், ஆயிரத்துக்கு ஒன்று செறிவுள்ளதில் 0.25 மில்லிலீற்றர். ஒவ்வாமை அதிர்ச்சி வந்துவிட்டால் வளர்ந்தவருக்கு 0.5, தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஒரே அம்பியூல், இரண்டு அளவு, இரண்டு இடம். எழுதுவது வைத்தியர், இழுப்பது உங்கள் கை.

கெயார்கிவர் கோர்ஸைப் பற்றி ஒரு வரி போதும். அது முதியவர்களையும் நோயாளிகளையும் வீட்டில் பராமரிக்கிறவருக்கான நல்ல படிப்பு. டிப்ளோமா வைத்துக்கொண்டு அதில் போய் இருந்தால் ஆறு மாதம் போகும், தாதிய வேலைக்கு ஓர் அங்குலம் கிட்ட வரமாட்டீர்கள்.

ஆகவே மூன்றாவது. ஆனால் அவர்கள் சொல்லும் விதத்தில் வேண்டாம். ‘வந்து பழகுங்கள்’ என்ற பேச்சுக்கு அர்த்தம், ஆள் குறைந்த விடுதிக்கு இலவச ஆள். முதல் வாரமே உங்களை மணி அடித்தால் ஓடவிட்டு, பெட்பான் எடுத்துக் கொடுக்கவிட்டு, மூன்று மாத முடிவில் ‘இப்ப இடமில்லை’ என்பார்கள். தலைமைத் தாதியான மேற்றனைப் போய்ப் பாருங்கள். கையில் ஒரு தாளோடு போங்கள். எந்த விடுதியில் எத்தனை வாரம். உங்களைக் கவனிக்கும் சிஸ்டர் யார், பெயர் வேண்டும். கடமைப் பட்டியலில் உங்களை ஓர் ஆளாகக் கணக்கில் சேர்க்கவில்லை என்ற உறுதி. முதல் இரண்டு வாரம் தனியாக மருந்து ட்ரொலி இல்லை. அதற்குப் பிறகும் குறைந்தது பத்து மருந்துச் சுற்றுகள் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே தனியாக. இரவுக் கடமையும் இருக்கவேண்டும், பகலில் மட்டும் பழகியவருக்கு இரவு புது வைத்தியசாலை. கையெழுத்துக்கென்று ஒரு கொப்பி நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். இதற்கு ஒத்துக்கொண்டால் மூன்று மாதம் சம்பளம் இல்லாவிட்டாலும் இலாபம். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வாசலைத் தட்டுங்கள், மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை ஒரே ஒரு தனியார் வைத்தியசாலைதானா இருக்கிறது?

காசு செலவழிக்க ஆசையென்றால், பொம்மையில் செய்துகாட்டும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி ஒன்றுக்குச் செலவழியுங்கள். நீங்கள் படித்த காலத்தில் மூச்சுப்பாதை, சுவாசம், பிறகு இரத்தவோட்டம் என்று வரிசை. 2010 இலிருந்து வளர்ந்தவருக்கு நெஞ்சை அழுத்துவதுதான் முதல். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல், 6 ஐத் தாண்டாமல், முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. இரண்டு நிமிடம் அழுத்திப் பாருங்கள், கை எப்படிச் சோரும் என்று தெரியும்.

பதிவைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, அது எனக்குக் கோபம். 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இலங்கைத் தாதியர் சபையில் உங்கள் பதிவு இப்போது எந்த நிலையில் இருக்கிறது? எந்தக் கோர்ஸுக்கும் முன்னால் இதை எழுத்தில் கேட்டு எடுங்கள். டிப்ளோமாவில் அப்பாவின் பெயர், அடையாள அட்டையில் கணவரின் பெயர் என்று இருந்தால் விவாகச் சான்றிதழ்ப் பிரதியையும் சேர்த்து வையுங்கள். இந்த ஒன்றிலேயே மாதக்கணக்கில் இழுபடலாம்.

மஞ்சட்காமாலை பி தடுப்பூசி மூன்றும் போட்ட அட்டை எங்கே? 0, 1, 6 மாதம். போட்டிருந்தால் அதன் பிறகு இரத்தத்தில் எதிர்ப்பு அளவு பார்த்த தாள் இருக்கிறதா? 10 க்குக் கீழே என்றால் வைத்தியரிடம் கேளுங்கள். விடுதியில் கால் வைத்த பிறகு தேடுகிற விஷயம் இல்லை இது. ஊசி குத்தினால் பிழியாதீர்கள், சவர்க்காரமும் ஓடும் தண்ணியும் போட்டுக் கழுவிவிட்டு உடனே அறிவியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும், எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது.

இன்னும் ஒன்று. மூச்சை எண்ணுங்கள். தாளில் எல்லா நோயாளிக்கும் 20 என்று எழுதியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், எழுதியும் இருப்பீர்கள். நோயாளி மோசமாகப் போவதை நாடித்துடிப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் முன்னாலேயே பலதடவை மூச்சுத்தான் காட்டிக்கொடுக்கும். ஒரு முழு நிமிடம், நாடி பிடிப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு. எண்ணுகிறீர்கள் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார்.

கடைசியாக ஒரு கணக்கு, பதில் எனக்கு வரவேண்டும். 48 கிலோப் பெண், டெங்கு, ஐந்தாம் நாள், காய்ச்சல் விட்டுவிட்டது, ‘சுகமாயிருக்கு’ என்கிறார். இரத்த அழுத்தம் 100 இற்கு 82. கடந்த மணித்தியாலம் சிறுநீர் 20 மில்லிலீற்றர். சிஸ்டர் சாப்பிடப் போயிருக்கிறார். இரண்டு எண்ணும் ஏன் சரியில்லை என்றும், யாரை எத்தனை நிமிடத்துக்குள் கூப்பிடுவீர்கள் என்றும் கொப்பியைப் பார்க்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா