கண் பக்கம்: ராத்திரி லென்ஸை எந்த வயதில் தொடங்கலாம்?

கேள்வி: அக்கா, வணக்கம். என் மகளுக்கு ஏழரை வயது. போன வருஷம் இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.25 என்றார்கள். இந்த வருஷம் 2.25. அவள் அப்பாவுக்கு மைனஸ் 7. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் செருப்பைக் காலால் துழாவித்தான் போடுவார். பாங்காக்கில் இருக்கும் என் அண்ணன், அங்கே பிள்ளைகளுக்கு ராத்திரி போட்டுத் தூங்குகிற லென்ஸ் கொடுக்கிறார்கள், பவர் ஏறாமல் பிடித்து வைக்கும், உடனே கூட்டி வா என்கிறார். மாமியாரோ, பத்து வயசாவது ஆகட்டும், பிஞ்சுக் கண்ணில் கண்டதையும் வைக்காதே என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- ஒரு தாய், மோல்மேன்

பதில்: தங்கச்சி, அண்ணன் அவசரப்படுகிறார், மாமியார் ரொம்பத் தாமதிக்கிறார். நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதற்கு முன்னால் உன் மகளின் கண்ணைக் கொஞ்சம் பார்ப்போம்.

100ஐ 2.25ஆல் வகுத்துப் பார். 44 வரும். கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெளிவாகத் தெரிவது 44 சென்டிமீட்டர் வரைதான், ஏறக்குறைய ஒரு முழம். போன வருஷம் அது 80 சென்டிமீட்டராக இருந்தது. ஒரே வருஷத்தில் பாதிக்குப் பாதி போய்விட்டது. கிட்டப்பார்வை ஏறுகிறது என்றால், பெரும்பாலும் விழி பின்பக்கமாக நீண்டுகொண்டு போகிறது என்று பொருள். பெரியவர்களின் விழி சுமார் 24 மில்லிமீட்டர் நீளம். அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர் நீண்டால் பவர் இரண்டரை, மூன்று ஏறும். 26ஐத் தாண்டினால் பின்னாளில் விழித்திரை கிழிவது, நடுப்பார்வை தேய்வது, கண் அழுத்த நோய் வருவது என்று எல்லாவற்றுக்கும் வாய்ப்புக் கூடும். உன் வீட்டுக்காரரை வருஷத்துக்கு ஒருமுறை கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல். இதை நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

இப்போது லென்ஸுக்கு வருகிறேன். இது கடைகளில் கலர் கலராக விற்கும் மெத்தென்ற லென்ஸ் இல்லை. காற்று ஊடுருவுகிற கெட்டியான லென்ஸ். அதன் உட்புறத்தைக் கருவிழியின் வளைவைவிடத் தட்டையாகச் செய்திருப்பார்கள். லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் நிற்கிற கண்ணீர், தூங்கும்போது கருவிழியின் மேல்தோலை நடுவில் லேசாக மெலிய வைக்கும். கொழுக்கட்டை மாவை உள்ளங்கையில் வைத்து மெல்லத் தட்டுவது போல. காலையில் கழற்றிவிட்டால் பகல் முழுக்கக் கண்ணாடி வேண்டாம். சில ராத்திரி போடாமல் விட்டால் கருவிழி பழையபடி ஆகிவிடும், பவரும் திரும்பிவிடும். ஆகவே இது நோயை ஆற்றுவது இல்லை. விழி நீள்வதை மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம்.

எவ்வளவு மெதுவாக்கும்? ஹாங்காங்கில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளை இரண்டு வருஷம் கவனித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணாடி போட்டவர்களுக்கு விழி சராசரியாக 0.63 மில்லிமீட்டர் நீண்டது, ராத்திரி லென்ஸ் போட்டவர்களுக்கு 0.36. உன் கேள்விக்கு உதவுகிற கணக்கும் அதிலேயே இருக்கிறது. வருஷத்துக்கு ஒன்றுக்கு மேல் பவர் ஏறிய பிள்ளைகள், 7-8 வயதுக்காரர்களில் கண்ணாடிக் கூட்டத்தில் நூற்றுக்கு 65, லென்ஸ் கூட்டத்தில் 20. 9-10 வயதில் அது 13, 9. சின்ன வயதில்தான் பவர் பாய்கிறது, லென்ஸும் அங்கேதான் அதிகம் பிடித்து நிறுத்துகிறது. அதனால்தான் மாமியாரின் பத்து வயதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஓடுகிற வருஷங்களை எல்லாம் விட்டுவிட்டு, தானாகவே வேகம் குறைகிற நேரத்தில் போய் நிற்போம்.

அப்படியானால் நாளைக்கே பாங்காக்குக்குக் கிளம்ப வேண்டியதுதானே என்பாய். என் அண்ணன் மகன் கதையைக் கேட்டுவிட்டுக் கிளம்பு.

அவனுக்கு ஏழு வயதில் வெளியூரில் ஓர் இடத்தில் லென்ஸ் போட்டார்கள். எந்த ஊர், எந்த இடம் என்பது வேண்டாம். மறுநாள் காலை ஒரு தடவை பார்த்தார்கள், பெட்டியும் பாட்டிலும் கொடுத்து அனுப்பினார்கள். ஊருக்கு வந்த அண்ணி, தினமும் காலையில் லென்ஸ் பெட்டியைச் சமையலறைக் குழாயில் அலம்பி ஜன்னலில் காய வைத்திருக்கிறார். பாத்திரம் கழுவுகிற மாதிரி, சுத்தமாக. தண்ணீர் படக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதே தொழிலில் இருக்கிற அத்தை, ஞாயிற்றுக்கிழமை போய் அத்தோ சாப்பிட்டுவிட்டு வந்தேனே தவிர, பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. எட்டாவது மாதம் ஒரு சனிக்கிழமை கண் சிவந்தது. வெயிலைப் பார்த்தால் கூசுகிறது என்றான். வீட்டில் யாருக்கோ மெட்ராஸ் ஐ வந்தபோது வாங்கிய சொட்டு மருந்து இருந்ததை விட்டுக்கொண்டு திங்கட்கிழமை வரை பார்த்தார்கள். இன்றைக்கு அவன் வலது கருவிழியில் குண்டூசித் தலை அளவு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. நல்ல வேளையாக நடுவில் இல்லை. ராத்திரி எதிரே வண்டி வந்தால் மட்டும் அந்தக் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறான்.

இப்படி எல்லோருக்கும் வராது. அமெரிக்காவில் 2013இல் வெளியான கணக்குப்படி, பத்தாயிரம் பிள்ளைகள் ஒரு வருஷம் போட்டால் சுமார் 14 பேருக்குக் கருவிழியில் தொற்று வரும். சின்ன எண்தான். நம் ஊரில் அது சின்னதாகவே இருக்க வேண்டுமானால் தண்ணீர் விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், கடையில் வாங்கும் குடிதண்ணீர், எதுவுமே லென்ஸிலும் பெட்டியிலும் படக்கூடாது. தண்ணீரில் அகாந்தமீபா என்று ஓர் உயிரி இருக்கிறது. லென்ஸுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் அதைக் கிளப்புவதற்கு மாதக் கணக்கில் மருந்து விட வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, பஞ்சு ஒட்டாத துணியில் ஈரம் போகத் துடை, அப்புறம்தான் லென்ஸைத் தொடு. பெட்டியில் மிச்சமிருக்கும் மருந்து நீரைக் கொட்டிவிட்டு, புது மருந்து நீராலேயே அலம்பித் துடைத்துக் கவிழ்த்து வை. பழைய நீரின் மேலேயே புதுசை ஊற்றி நிரப்புவது கூடாது.

தனகா விஷயமும் இருக்கிறது. கல்லில் தண்ணீர் விட்டு அரைத்துப் பூசுகிற பொருள் அது. ராத்திரி முகத்தைக் கழுவி ஒரு துளி இல்லாமல் துடைத்த பிறகு லென்ஸ். காலையில் லென்ஸைக் கழற்றி எடுத்து வைத்த பிறகு தனகா.

சரி, வயது. சீனாவில் எட்டு வயது நிறைந்த பிறகுதான் என்று வைத்திருக்கிறார்கள். என் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான், ஆனால் பிறந்தநாளைப் பார்த்து இல்லை, கையைப் பார்த்து. என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பேன். மருந்துக் கலப்பில்லாத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு ஒரு பாட்டில் வாங்கு. பதினான்கு ராத்திரி, நகம் வெட்டிய கையோடு, சோப்புப் போட்டு, துடைத்து, உன் மகள் தன் கண்ணில் தானே சொட்டு விட வேண்டும். நீ பக்கத்தில் நிற்கலாம், கையைப் பிடிக்கக் கூடாது. நாட்காட்டியில் குறித்து வை. கரண்ட் போன ராத்திரி, விருந்தாளி வந்த ராத்திரி, நீ களைத்துப்போன ராத்திரி, எத்தனை தடவை விட்டுப்போனது என்று பார். இரண்டுக்கு மேல் போனால் இந்த வருஷம் வேண்டாம். பிள்ளையை மட்டுமா சோதிக்கிறோம், வீட்டையும் சேர்த்துத்தான்.

இன்னொரு கணக்கு, பாங்காக். லென்ஸ் போட்ட மறுநாள் காலை பார்க்க வேண்டும், ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பார்வை தெளிந்து நிற்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை சாயங்காலம் ஆக ஆக மங்கும். முதல் மாதம் முழுக்க அண்ணன் வீட்டில் தங்க முடியுமா? அதற்குப் பிறகும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போக முடியுமா? வருஷா வருஷம் லென்ஸ் மாற்றுகிற செலவு தாங்குமா? மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்றாலும் தொடங்காதே. மறுபரிசோதனைக்குப் போக முடியாத ராத்திரி லென்ஸைவிட, ஒழுங்காகப் போடும் கண்ணாடி எவ்வளவோ மேல்.

முடிந்தால் எப்போது? எல்லோரும் கோடை விடுமுறை என்பார்கள். நம் ஊர்க் கோடை விடுமுறைக்கு நடுவில்தான் பர்மியரின் தண்ணீர்த் திருவிழாவான திங்யான் வருகிறது. தெருவெல்லாம் குழாய் போட்டு முகத்தில் பீய்ச்சுகிற நாலு நாளில், புது லென்ஸ் போட்ட கருவிழியோடு பிள்ளையை யார் வீட்டுக்குள் பூட்டி வைப்பது? ஆட்டம் முடியட்டும். நம் வருஷப் பிறப்பும் அதோடு வந்து போகட்டும். ஏப்ரல் கடைசி வாரம் கிளம்பினால் ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஒரு மாதம் கிடைக்கும். அதற்குள் உன் மகளுக்கும் எட்டு வயது ஆகியிருக்கும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். முதல் வேலையாகக் கண்ணில் மருந்து விட்டுத் தசையைத் தளர்த்திப் பவரைப் பார்க்கச் சொல். பிள்ளைகள் கண்ணை இறுக்கிப் பார்ப்பதால் இல்லாத பவர் தெரிவது உண்டு. விழி நீளத்தையும் அளந்து எழுதி வாங்கிக்கொள். பவர் ஏறுவதைக் குறைக்கிற தனிவகைக் கண்ணாடிச் சில்லும் இருக்கிறது. ஓரத்தில் தேன்கூடு போலப் பொடிப் பொடியாய் வில்லைகள் பதித்தது. ஹாங்காங் பரிசோதனையில் இரண்டு வருஷத்தில் ஏற்றம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. குறைந்த அளவு அட்ரோபின் சொட்டும் உண்டு, அதை மருத்துவர்தான் எழுத வேண்டும். என் மகளாக இருந்தால் இப்போதைக்கு அந்தச் சில்லு, திங்யானுக்குப் பிறகு லென்ஸ்.

கேள்வி: என் மகன் பத்து வயதிலிருந்து ராத்திரி லென்ஸ் போடுகிறான். இப்போது பதினாலு. பத்தாம் வகுப்புப் படிப்பு, ராத்திரி ஒரு மணி வரை கண் விழிக்கிறான். லென்ஸ் தொல்லை, பரீட்சை முடியும் வரை விட்டுவிடுகிறேன் என்கிறான். விடலாமா?
- ஒரு தகப்பனார், பெகு

பதில்: ஐயா, இந்த வயதில் நடுவில் விட்டால் விழி மறுபடி வேகமாக நீள்வதை ஹாங்காங்காரர்களே 2017இல் எழுதியிருக்கிறார்கள். மறுபடி போட்டபோது வேகம் குறைந்தது. இன்னும் இரண்டு வருஷமாவது ஓட்டுங்கள். ஆனால் ஒரு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்தால் லென்ஸுக்கு வேலை செய்ய நேரம் ஏது? ஏழெட்டு மணி நேரம் மூடிய கண்ணுக்குள் இருக்க வேண்டும். பதினோரு மணிக்குப் படுக்க வைக்க முடிந்தால் தொடரட்டும். முடியாது என்றால் பரீட்சை வரை கண்ணாடிக்கு மாறட்டும். அப்படி மாறுகிற வாரம் பரீட்சை வாரமாக இருக்கக் கூடாது. விட்ட முதல் சில நாள் பவர் தினம் ஒரு மாதிரி இருக்கும், பழைய கண்ணாடி பொருந்தாது, பலகை தெரியவில்லை என்று வந்து நிற்பான். காய்ச்சல், சளி என்றால் மட்டும் யாரையும் கேட்காமல் அன்றைக்கே நிறுத்தலாம்.

கேள்வி: சின்னப் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் கண் அதற்கே பழகிப் பவர் ஏறும் என்று பேத்திக்குக் குறைத்துப் போட்டிருக்கிறோம். சரிதானே?
- ஒரு பாட்டி, ரங்கூன் காளி கோயில் பக்கம்

பதில்: இல்லை பாட்டி. மலேசியாவில் அப்படிக் குறைத்துப் போட்டுப் பார்த்தார்கள், 2002இல் முடிவு வந்தது. குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் பவர் அதிகம் ஏறியது. முழுப் பவரையும் போடச் சொல்லுங்கள். பேத்தியைத் தினமும் வெளிச்சத்தில் வெளியே கூட்டிப் போங்கள். குவாங்சோவில் பள்ளிப் பிள்ளைகளைத் தினம் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே விட்டதில், மூன்று வருஷத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் நூற்றுக்கு 40லிருந்து 30 ஆனார்கள். ஏற்கனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்கு அந்த அளவு பலன் சொல்ல முடியாது, ஆனாலும் வீட்டுக்குள் போனைப் பிடித்துக்கொண்டு இருப்பதற்குக் கோயில் வாசலில் ஓடட்டும்.

கேள்வி: லென்ஸ் கைகழுவும் தொட்டியில் விழுந்துவிட்டது. எடுத்துத் துடைத்துப் போடலாமா?
- ஒரு மாணவி, ரங்கூன்

பதில்: போடாதே. அதைத் தேய்க்கும் நீரால் தேய்த்து, மருந்து நீரில் முழு நேரமும் ஊற வை. அன்று ராத்திரி லென்ஸ் இல்லாமல் தூங்கு, மறுநாள் கண்ணாடி. பெராக்சைடு வகை மருந்து நீர் என்றால் பாட்டிலில் போட்டிருக்கும் மணிக்கணக்கு முடிவதற்குள் எடுத்துக் கண்ணில் வைத்துவிடாதே, எரிகிற எரிச்சலில் கத்துவாய். கீறலோ விரிசலோ தெரிந்தால் போடவே போடாதே, கொண்டு வந்து காட்டு. இனிமேல் தொட்டிப் பக்கமே போகாமல் மேஜை மேல் வெள்ளைத் துணி விரித்து, முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்து, குனிந்து போடு. விழுந்தால் துணியில்தான் விழும்.