பாடத் தெரியாது, மைக் முன்னால் பேச வராது. பங்கில் நான் என்ன பணி செய்ய முடியும்?

"எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கில் ஏதாவது பணி செய்ய ஆசை. பாடவும் வராது, வாசகம் வாசிக்கவும் கூச்சம். பல வருடமாகச் செய்துவருபவர்கள் புதியவருக்கு இடம் தருவார்களா என்றும் தயக்கம்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பங்குத்தந்தையிடம் "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டால், உங்களுக்கு என்னென்ன வரும் என்று அவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். "எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் உடனே வரும். கடைசிப் பூசை முடிந்ததும் பெஞ்சுகளில் கிடக்கும் பாட்டுப் புத்தகங்களை எடுத்து அடுக்குவது, நடக்க முடியாத ஒருவரைக் கோவிலுக்குக் கூட்டி வந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது, கழிவறையைக் கழுவுவது. இதற்கெல்லாம் குரல் வளம் தேவையில்லை.

எனக்கு வந்து சேர்ந்தது பூசைத் துணிகளைத் துவைக்கும் வேலை. திருக்கிண்ணத்தைத் துடைக்கும் சிறு துணி இருக்கிறதே, அதை எடுத்தவுடன் சோப்பில் போட்டுவிடக் கூடாது. பூசையில் ஆண்டவரின் திரு இரத்தமாக மாறும் திராட்சை இரசம் ஒரு துளியாவது அதில் ஒட்டியிருக்கலாம். அதனால் முதலில் வெறும் தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது. சில கோவில்களில் மண்ணுக்குள் நேராக இறங்கும் குழாய் வைத்த தனித் தொட்டி இருக்கும், அதில் ஊற்றலாம். இல்லாவிட்டால் ஆள் மிதிக்காத மண்ணில் ஊற்றலாம். அதற்குப் பிறகுதான் சோப்பும் இஸ்திரியும். பீடத்தில் கிண்ணத்துக்கு அடியில் விரிக்கும் சதுரத் துணிக்கு மடிப்பே தனி. முதலில் ஒரு வாக்கில் உள்பக்கமாக மூன்றாகவும், அப்புறம் மறுவாக்கில் மூன்றாகவும் மடிக்க வேண்டும். விரித்தால் ஒன்பது கட்டங்கள் தெரியும். அப்பத்தின் துகள் ஏதாவது விழுந்திருந்தால் வெளியே சிந்தாமல் நடுவிலேயே தங்கட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆண்டவரின் உடலும் இரத்தமுமான நற்கருணையைப் பற்றி மறைக்கல்வியில் படித்ததைவிட இந்தத் துணிகளை அலசும்போது எனக்கு அதிகம் புரிந்திருக்கிறது.

இதையெல்லாம் "சின்ன வேலை" என்பவர்களை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்களைக் கவனிப்பதில்லை என்று கிரேக்கம் பேசியவர்கள் முணுமுணுக்கிறார்கள். பந்தியைக் கவனிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது திருத்தூதர்கள் என்ன தகுதி கேட்கிறார்கள்? நற்சான்று, தூய ஆவி, ஞானம். சோறு பரிமாறத்தான் இத்தனையும்! அந்த ஏழு பேரில் ஒருவர்தான் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த முதல் மறைசாட்சியான ஸ்தேவான்.

இடம் தருவார்களா என்ற உங்கள் தயக்கம் நியாயமானதுதான். நான் பார்த்த வரையில் பங்கில் மனக்கசப்பு பெரிய கொள்கைகளால் வருவது குறைவு. அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது, பூ ஜாடியை யார் நகர்த்தி வைத்தது, இந்த மாதிரி விஷயங்களில்தான் வருகிறது. கழிவறை கழுவுகிறவருக்குக்கூட "இது என் வேலை" என்ற பிடிமானம் வந்துவிடும். என்னைக் கேட்டால் பணிவைச் சோதிக்கும் இடம் இதுதான்: நாம் செய்துவந்ததை இன்னொருவர் வேறு மாதிரி செய்யும்போது வாயை மூடிக்கொண்டு இருக்க முடிகிறதா? ஆகவே முதல் நாளிலிருந்தே இன்னொருவருக்கும் வேலையைக் கற்றுக்கொடுங்கள். துணி மடிக்க இப்போது என்னோடு ஒரு கல்லூரி மாணவி வருகிறாள், என்னைவிட நேர்த்தியாக மடிக்கிறாள். நான் ஊரில் இல்லாத ஞாயிறுகளில் யாருக்கும் எதுவும் குறைவதில்லை. அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதே சமயம், பணிவு என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று நினைக்காதீர்கள். காணிக்கை எண்ணக் கூப்பிட்டால் தனியாக எண்ணாதீர்கள், கூட இன்னொருவர் இருந்தே ஆக வேண்டும். கணக்கு இடித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். 1983-இன் திருச்சபைச் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும், அங்கே கேட்கலாம். பங்கின் பணிகளைப் பற்றிக் கலந்து பேசும் மேய்ப்புப்பணிப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமைதான் உண்டு. எனவே நீங்கள் சொன்ன யோசனை ஏற்கப்படாமல் போகலாம், அதற்காக வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டாம். சிறுவர்களோடு பணி என்றால் உங்கள் பின்னணியை விசாரிப்பார்கள், பயிற்சிக்கு வரச் சொல்வார்கள். "என்னையா சந்தேகப்படுகிறார்கள்?" என்று முகம் சுளிக்காதீர்கள். அந்தக் கட்டுப்பாடு பிள்ளைகளின் பாதுகாப்புக்காக.

ஆள் பழகுவது பிடிக்கும் என்றால் ஏழைகளை வீடு தேடிப் போய் உதவும் வின்சென்ட் தே பவுல் சபை உங்கள் பங்கில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். 1833-இல் பாரிசில் ஃபிரெடெரிக் ஓசனாமும் சில தோழர்களும் அதைத் தொடங்கினார்கள். அப்போது ஓசனாமுக்கு 20 வயது, கல்லூரி மாணவர். ஏழைகளின் வீட்டுக்கு எப்படிப் போவது, எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பகுதி ஏழைகளோடு வாழ்ந்த அருட்சகோதரி ரோசலி ராந்து. இன்றும் அந்தச் சபையினர் பொதுவாக இரண்டிரண்டு பேராகத்தான் வீடு சந்திக்கப் போகிறார்கள். அதனால் கூச்ச சுபாவம் உள்ளவருக்கு இது நல்ல இடம். பேச்சைக் கூட வருபவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் உட்கார்ந்து காது கொடுத்தால் போதும். முதியவர்கள் பலருக்கு நாம் கொண்டுபோகும் உதவிப் பொருள் பையைவிட அந்த அரை மணி நேரம்தான் வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. தொடங்கும்போதே "வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஆறு மாதத்துக்கு வருகிறேன்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆர்வத்தில் நான்கு குழுக்களில் பெயர் கொடுத்துவிட்டு மூன்றாம் வாரம் காணாமல் போகிறவர்களால் பங்குத்தந்தைக்குச் சிரமம்தான். ஆறு மாதம் முடிந்ததும் வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.