எண்பதில் முறுக்கினால் விக்குது: மோட்டார் சைக்கிள் கேள்வி பதில்

கொடிகாமத்திலிருந்து: அண்ணை, என்ர பல்சர் 150, காபரேற்றர் மொடல். ரவுணுக்குள்ள ஒரு குறையும் இல்லை. ஏ9 றோட்டில பரந்தன் தாண்டி 80இல போகேக்க விக்கி விக்கி நிக்கப் பாக்குது. வேகத்தைக் குறைச்சால் தெளியுது. கராஜில காபரேற்றர் மாத்தச் சொல்லுகினம்.

பதில்: இப்ப மாத்தாதேங்கோ தம்பி. முறுக்கின உடனேயே விக்கினால் பெற்றோலும் காத்தும் சேருற கலவையிலயோ பிளக்கிலயோ பிழை. நாலைஞ்சு கிலோமீற்றர் ஒரே இழுவையா ஓடின பிறகு விக்கி, குறைச்சால் தெளிஞ்சால், காபரேற்றருக்கு அடியில பெற்றோல் நிக்கிற கிண்ணத்துக்குப் பெற்றோல் வந்து சேரேல்லை. நீங்கள் சொல்லுறது ரெண்டாவது மாதிரித்தான் கிடக்கு.

கணக்கைப் பாருங்கோ. லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடுற வண்டி 80இல போனால் மணிக்கு 2 லீற்றர் குடிக்கும். நிமிசத்துக்கு 33 மில்லிலீற்றர். முழுசா முறுக்கினால் அதின்ர ரெண்டு மடங்குக்கு மேல. ரவுணுக்குள்ள இவ்வளவு தேவைப்படாது, அதாலதான் பாதி அடைபட்ட வழி அங்க தன்னைக் காட்டாது.

எஞ்சின் ஆறினாப் பிறகு, வெளி முத்தத்தில, கிட்ட நெருப்பு இல்லாமல், பெற்றோல் ரியூபைக் காபரேற்றர் பக்கத்தால கழட்டி ஒரு லீற்றர்ப் போத்தலுக்குள்ள விடுங்கோ. ராப்பைத் திறந்து ரெண்டு நிமிசம் பிடியுங்கோ. நிமிசத்துக்கு 200 மில்லிலீற்றராவது அறாமல் வரவேணும். முதல்ல நல்லா வந்து பிறகு சொட்டுச் சொட்டாகினால் ராங்கி மூடியைத் திறவுங்கோ. 'உஸ்' எண்டு காத்தை இழுத்து, உடனே ஓட்டம் கூடினால் மூடியின்ர காத்துத் துவாரம் அடைச்சுப்போச்சு. வயரின்ர ஒற்றைச் செப்பு நூல் ஒண்டாலேயே அதை எடுக்கலாம். மூடி திறந்தும் சொட்டுத்தான் எண்டால் ராப்புக்கு மேல ராங்கிக்குள்ள நிக்கிற வலை அழுக்கு.

ஒரு அடையாளம்: துவாரம் அடைச்ச வண்டி ராங்கி நிறைய இருக்கேக்கதான் கெதியா விக்கும். மேல காத்துக்கு இடம் குறைவு, வெற்றிடம் சுறுக்கா வந்திடும்.

சுன்னாகத்திலிருந்து: எனக்கும் பல்சர்தான். போத்தலில நல்லா வருது. முறுக்கின உடனே ஒரு கணம் மூச்சுப் பிடிச்சு நிண்டிட்டுப் பிறகு பாயுது.

பதில்: 50இல ரொப் கியரில போகேக்க சோக்கைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு முறுக்குங்கோ. விக்கல் குறைஞ்சால் பெற்றோல் காணாது, கூடினால் பெற்றோல் அதிகம்.

காணாது எண்டால் காபரேற்றரின்ர மேல்மூடிக்குக் கீழ இருக்கிற இறப்பர்ச் சவ்வைப் பாருங்கோ. மூடியைக் கழட்டேக்க ஸ்பிரிங் பாயும், கையால அமத்திப் பிடியுங்கோ. சவ்வை வெளிச்சத்துக்குப் பிடிச்சு மெல்ல விரிச்சால் ஊசித்துளையும் தெரியும். சவ்வைப் பெற்றோலில கழுவாதேங்கோ: ஊதிப்போய் அதின்ர பள்ளத்துக்குள்ள திரும்ப இருக்காது. நல்ல சவ்வும் இந்தக் கழுவலால கெட்டுப்போகலாம்.

பல்சருக்கு ரெண்டு பிளக். ஒண்டு செத்தாலும் எஞ்சின் ஓடும், இழுவை மட்டும் குறையும். எஞ்சினை நிப்பாட்டி ஒரு பிளக் கப்பைக் கழட்டி, அதுக்குள்ள வேறொரு பிளக்கைச் செருகி, பிளக்கின்ர இரும்பு எஞ்சினில முட்டிறமாதிரி வச்சு ஸ்ராட் பண்ணுங்கோ. எஞ்சின் ஓடாட்டில், நீங்கள் தொடாத பக்கத்தில பிழை. பிறகு மற்றப் பக்கம். கப்பைச் சும்மா தொங்கவிட்டு ஓட்டினால் கொயில் பழுதாகலாம்.

வல்வெட்டித்துறையிலிருந்து: பழைய யமஹா எஃப்ஸீ. மழை தொடங்கினதிலயிருந்துதான் இந்த விக்கல்.

பதில்: கிண்ணத்துக்கு அடியில இருக்கிற ஆணியை இளக்கி, வாறதைக் கண்ணாடிப் போத்தலில பிடியுங்கோ. தண்ணி இருந்தால் அடியில முத்து முத்தா உருளும். இல்லாட்டில் பிளக் கப்பைத் திருகிக் கழட்டி வயரின்ர நுனியைப் பாருங்கோ. கடற்கரைப் பக்கம் செம்பு பச்சையாப் பூத்திருக்கும். அரை சென்ரிமீற்றர் வெட்டித் திரும்பத் திருகினால் போதும்.

நவாலியிலிருந்து: பழைய ஹொண்டா 90, பொயின்ற் (பிளக்குக்குப் பொறி குடுக்கத் திறந்து மூடுற முனை) வச்சது. 95 ஒக்ரேன் அடிச்சால் திருந்துமோ?

பதில்: திருந்தாது ஐயா. ஒக்ரேன் எஞ்சின் தட்டிறதைத்தான் தடுக்கும், விக்கலை இல்லை. உங்கட எஞ்சினுக்கு 92 தாராளம். யுத்தத்தில பெற்றோல் தடைபட்ட காலத்தில சூப்பிப் போத்தலால ரெண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி மண்ணெண்ணெயில ஓடின இனம் இது. பொயின்ற் இடைவெளி 0.3 தொடக்கம் 0.4 மில்லிமீற்றர். பொயின்ற் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் பொயின்றோட இணைஞ்சு நிண்டு அது கருகாமல் காக்கிற கொண்டன்சரையும் சேர்த்து மாத்துங்கோ. வலு குறைஞ்ச கொண்டன்சர் வேகம் கூடேக்கதான் தவறும்.

மானிப்பாயிலிருந்து: காபரேற்றர் இல்லாத இஞ்செக்சன் வண்டிக்கு இதில எது பொருந்தும்?

பதில்: மூடித் துவாரமும் பிளக்கும். மற்றது பெற்றோல் பம்ப். அது ராங்கிக்குள்ள பெற்றோலில நனைஞ்சு குளிருறது, எப்பவும் றிசேவில ஓடினால் சூடாகித் தேயும். அமுக்கம் பெரும்பாலும் 2.5 தொடக்கம் 3 பார், கேஜ் போட்டு றேஸ் பண்ணேக்கயும் விழாமல் நிக்கவேணும். எவ்வளவு முறுக்கிறியள் எண்டு அறியிற துறொட்டில் சென்சரை வோல்ற் மீற்றரால பார்த்தால் முறுக்க முறுக்க வோல்ற் சீரா ஏறவேணும், நடுவில தாவக்கூடாது.

சாவகச்சேரியிலிருந்து: அண்ணா, எனக்கு விக்கல் இல்லை. சத்தம் மட்டும் கூடுது, வேகம் ஏறேல்லை.

பதில்: அது கிளச் வழுக்கிறது தங்கச்சி, காபரேற்றரைத் தொடவேண்டாம். லீவர் நுனியில 10 தொடக்கம் 15 மில்லிமீற்றர் சும்மா ஆடவேணும். ஆடுதெண்டால் கடைசியா ஊத்தின ஒயில் கானைப் பாருங்கோ. அதில ஜாசோ எம்ஏ (மோட்டார் சைக்கிள் கிளச்சுக்கு ஏத்த ஒயிலின்ர குறி) எண்டு இல்லாட்டில், கார் ஒயிலா இருந்தால், முதல் அதை மாத்துங்கோ. அதுக்குப் பிறகும் வழுக்கினால்தான் கிளச் பிளேற்.