வேளாண்மைக் கேள்வி பதில்: ஒரு புது நெல்லுக்கு ஏன் பத்து வருசம்?

கேள்வி: புது நெல்லினம் ஒண்டு வெளிய வர எட்டு, பத்து வருசம் ஆகும் எண்டு கூட்டத்துல ஒரு ஆராய்ச்சி ஆபீசர் சொன்னார். ஒரு போகமே மூண்டரை மாசம்தானே, பிறகேன் இவ்வளவு காலம்?
– மண்டூர் வாசகர்

பதில்: நல்ல கேள்வி அண்ணன். நெல்லுப் பூவுக்குள்ள ஆணும் பெண்ணும் ஒண்டாத்தான் இருக்கு, காலம 9, 10 மணி போல கொஞ்ச நேரம் திறந்து மூடிரும், அதுக்குள்ள தன்ட மகரந்தத் தூளையே தான் எடுத்துரும். அதால ரெண்டு இனத்தைச் சேர்க்கணும் எண்டா ஆள் கை வச்சாத்தான் உண்டு. முதல் நாள் பின்னேரம், குடலையால, அதாவது கதிரை மூடி இருக்கிற இலையுறையால, பாதி வெளிய வந்த கதிரைப் பிடிச்சு, ஒவ்வொரு பூவிலயும் உமிட நுனியைக் கத்தரியால சரிச்சு வெட்டி, உள்ளுக்கு இருக்கிற ஆறு மகரந்தப்பையையும் சாவணத்தால ஒண்டு விடாம எடுத்துட்டு, கடதாசி உறை போட்டு மூடிருவாங்க. மறுநாள் காலம தகப்பன் இனத்திட கதிரைக் கொண்டு வந்து மேல தட்டினா தூள் விழும். ஒரு மாசத்துல விளையிற மணியைப் பாத்தீங்க எண்டா, உமி வெட்டுப்பட்ட இடத்தால அரிசி வெளிய எட்டிப் பாக்கும்.

இவ்வளவும் ஒரு போகத்து வேலைதான். கஸ்டம் பிறகுதான். அந்த மணியைப் போட்டா முதல் தலைமுறை எல்லாம் ஒரே மாதிரி வரும், அதுட பிள்ளைகள்தான் பிரியும், ஒண்டு நெட்டை, ஒண்டு கட்டை, ஒண்டு சிவப்பரிசி, ஒண்டு பத்து நாள் முந்திக் கதிர் தள்ளும். ஆயிரக்கணக்குல நட்டு, நல்லதைப் பிடிச்சு மத்ததைக் கழிச்சு, இப்பிடி ஆறு ஏழு தலைமுறை போனாத்தான் போட்டது போட்ட மாதிரியே முளைக்கும். வருசத்துக்கு ரெண்டு போகம் செய்தாலும் அதுக்கே மூண்டு நாலு வருசம் போயிரும். மறுகா விளைச்சல் பரிசோதனை இருக்கு, பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்துல நல்லா வந்தது நம்மட கச்சான் காத்துக்கு நிக்குமா, அறக்கொட்டிப் பூச்சியும் எரிபந்த நோயும் வந்தா தாங்குமா, மில்லுல குறுணல் போகுதா, சோறு நம்மட வாய்க்குப் பிடிக்குமா எண்டு பல மாவட்டத்துல போட்டுப் பாத்து, கடைசியா விவசாயிகள்ட வயல்லயும் பாத்துத்தான் வெளிய விடுவாங்க. 1958ல வந்த எச்-4 நெல்லு உங்கட அப்பா, வாப்பாமாருக்கு நல்லாத் தெரியும், அதுக்குச் சேர்த்த ரெண்டு இனத்துல ஒண்டு நம்மட முருங்கைக்காயன், மற்றது இந்தோனேசியாட மாஸ். வயல்ல நிண்டு கழிச்சுக் கழிச்சு எடுத்த அந்த ஆக்கள்ட பொறுமைக்கு நாம இன்னும் சரியா நன்றி சொல்லல்ல எண்டுதான் எனக்குப் படுது.

கேள்வி: நெல்லினப் பேருக்கு முன்னால பி.ஜி., ஏ.ரி. எண்டு போடுறது என்னத்துக்கு?
– களுவாஞ்சிக்குடி மாணவி

பதில்: செய்த இடம் தங்கச்சி. பி.ஜி. பத்தலகொட, ஏ.ரி. அம்பலாந்தோட்டை. பின்னால வாற நம்பர் 300 சொச்சம் எண்டா மூண்டு மாசத்துல விளையும், 350க்கு மேல மூண்டரை, 400 எண்டா நாலு. 94-1 மாதிரிப் பழைய நம்பர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

கேள்வி: வாவிக்கரையோரம் காணி. சிறுபோகத்துல உப்பு ஏறி இலை நுனி எரியுது. இதுக்கு நெல்லு இருக்கா?
– வாழைச்சேனை வாசகர்

பதில்: இருக்கு, ஏ.ரி. 354ஐ விசாரிச்சுப் பாருங்க. கேரளாவுல கடலோரத்து உவர் வயல்ல விளையிற பொக்காளியையும் நம்மட பி.ஜி. 94-1ஐயும் சேர்த்து எடுத்தது. பொக்காளி உப்புக்கு நிக்கும், ஆனா நெட்டையா வளந்து சாயும், விளைச்சலும் குறைவு, அதால அதுட தாங்குற குணத்தை மட்டும் இழுத்து எடுக்க வேண்டி இருந்திச்சு. ஆனாலும் நாத்துப் பருவத்துலயும் பூக்கிற நேரத்துலயும் எந்த நெல்லும் உப்புக்கு மெலிவுதான், அந்த ரெண்டு நேரமும் நல்ல தண்ணி கட்டி வடிய விடுங்க. விதைக்க முந்தி மண்ணையும் டெஸ்ட் பண்ணிருங்க.

கேள்வி: நெல்லு மாதிரியே முளைக்கிற களை, பன்றிநெல்லு, வயலை மூடுது. அது மட்டும் சாகிற மாதிரி, களை மருந்துக்குத் தாங்குற நெல்லு ஒண்டைச் செய்யக்கூடாதா?
– சம்மாந்துறை வாசகர்

பதில்: செய்தாங்க காக்கா. அமெரிக்காவுல 2002ல அப்பிடி ஒரு நெல்லை வியாபாரத்துக்கு விட்டாங்க, க்ளியர்ஃபீல்ட் எண்டு பேர், மருந்தடிச்சா பன்றிநெல்லு சாகும், பயிர் நிக்கும். முதல் சில போகம் நல்லாத்தான் இருந்திச்சு. ஆனா பன்றிநெல்லும் நெல்லுச் சாதிதானே, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல பூத்தா கொஞ்சமாவது கலக்கும், அந்தத் தாங்குற குணம் கொஞ்ச வருசத்துக்குள்ளயே பன்றிநெல்லுக்கும் போயிட்டு. நம்மட வட்டையிலயும் (வயல்வெளியிலயும்) இதை நம்பி இறங்கினா அதுதான் நடக்கும் எண்டு நான் நினைக்கிறன், ஏனெண்டா நாம கூடுதலா எறிஞ்சு விதைக்கிற ஆக்கள், முளைச்சு நிக்கிறதுல எது பயிர், எது பன்றி எண்டு தெரியாது.

இப்போதைக்குக் கையில இருக்கிற வழி இதுதான்: விதைக்க முந்தி உழுது தண்ணி விட்டு, கிடக்கிறதெல்லாம் முளைச்ச பிறகு திருப்பி உழுது அழியுங்க, ஏலுமெண்டா ரெண்டு தரம். அத்தாட்சிப்படுத்தின விதைநெல்லு எடுங்க. ஒரு கண்டத்துலயாவது வரிசையா நடுங்க, வரிசைக்கு வெளிய நிக்கிறதைப் பிடுங்கிறது லேசு. பன்றிநெல்லு நம்மட நெல்லு விளைய முந்தியே கொட்டிரும், அதால கதிர் தள்ளின உடனேயே நெட்டையா, வால் வச்சு நிக்கிறதைப் பிடுங்கி வயலுக்கு வெளிய கொண்டு போயிருங்க. வெட்டு மெஷின் வேற வட்டையால வருதெண்டா, உங்கட வரம்புல ஏற முந்தி அதைக் கழுவச் சொல்லுங்க, ட்ரைவர் முகம் சுழிச்சாலும் விடாதீங்க.